ஜெபமலைக்குப் போன அம்மா

சமையலறையிலிருந்து 'ணங்'கென்று வெண்கலச் சத்தம் கேட்டது.

அண்ணன் கியுசிக் வாசிப்பதை நிறுத்தினான். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. போதகரும் சபையாரும் வந்தபின் வாசிக்க வேண்டிய அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா அங்க என்னத்த உருட்டுறாங்க?"

பெரியம்மா, அப்பாவின் அண்ணி. எழுபத்தொன்பது வயது. ஐம்பது வருஷமாக அப்பாவின் வீட்டாருக்கும் எங்களுக்கும் பேச்சில்லை. அன்று மதியம் அப்பாவின் ஊரான ஆந்தோங்கிலிருந்து பஸ் பிடித்து, ஒரு துணி மூட்டையோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். தண்ணீர் குடிக்கிறேன் என்று மூட்டையோடு உள்ளே போனவள்தான்.

போய்ப் பார்த்தேன். மேசைமேல் வெண்கலக் கிண்ணம். அதில் எங்கள் குக்கரிலிருந்து அள்ளிய வெள்ளைச் சோறு, ஆவி பறக்க. சோற்றின் நடுவில் கரண்டி செங்குத்தாகக் குத்தி நின்றது. செத்தவர்களுக்குப் படைக்கிற சோறு! அதுவும் எங்கள் அம்மாவின் வீட்டில்!

"பெரியம்மா! இது ஜெபம் பண்ற வீடு!" அண்ணன் கிண்ணத்தைப் பற்றினான். "சபைக்காரங்க வர்ற நேரம்!"

"ஏன்டா கத்துற? மூப்பராயிட்டா பெரியம்மாகிட்ட கத்தணும்னு உங்க சபையில சட்டமா?"

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் அம்மா தொக்சிம், இருபத்திரண்டு வயதில், கைக்குழந்தையான அண்ணனை முதுகில் கட்டிக்கொண்டு, செத்துப்போன மாமியாருக்கு வைத்த படையலுக்கு முன்னால் நின்று, "நான் இயேசுவை மட்டுந்தான் கும்பிடுவேன்" என்று சொன்னவள். மாமனார் அன்றே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஒரு மாதம் கழித்து அப்பாவும் அவள் பின்னாலேயே வந்தார், ஆனால் நான் நடக்கப் பழகுமுன் இறந்துபோனார். அம்மாதான் சந்தையில் டோஃபு விற்று எங்களை வளர்த்தாள். ஒருநாள் தவறாமல் அதிகாலை ஜெபத்துக்குப் போனாள். சபையில் அவள் உட்காரும் மெத்தை மட்டும் முழங்கால் படுகிற இரண்டு இடத்தில் குழிந்திருக்கும். பேரன் பேத்திகளுக்கு ஆளுக்கொரு பைபிளைக் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணனின் தாளில் இருந்த வரி இது: "அன்று முதல் சாகும்வரை அம்மா அந்த வாசலை மிதிக்கவில்லை." அந்த ஒரு வரிக்காகவே சபை அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

பெரியம்மா தாளை எட்டிப் பார்த்தாள்.

"வாசலை மிதிக்கலைதான். கொல்லைப்புறமாத்தான் வருவா."

"யாரு?" என்றேன்.

"உங்கம்மாதான். வருஷா வருஷம், எங்க மாமியார் படையல் அன்னைக்கு. நாற்பத்தேழு வருஷம்."

"பொய்!" என்றான் அண்ணன்.

"அவள வெளிய தள்ளின வருஷம் மொத்த வேலையும் என் தலையில விழுந்துச்சுடா. எனக்கு அப்போ ஏழு மாசம். முப்பது பேருக்கு அடை சுட்டு எந்திரிச்சவ, அப்படியே விழுந்தேன். பிள்ள தங்கல." அவள் குரல் மாறவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "மறு வருஷம் கொல்லைக் கதவ யாரோ தட்டுறாங்க. உங்கம்மா. 'அக்கா, நான் விழுந்து கும்பிட மாட்டேன். ஆனா நீங்க ஒத்தையில அடுப்படியில வேகுறத என்னால தாங்க முடியாது'ன்னா."

வருஷத்தில் ஒருநாள், இலைகள் பழுக்கிற காலத்தில், அம்மா உபவாச ஜெபத்துக்காக, சபையார் தங்கி ஜெபிக்கிற ஜெபமலைக்குப் போவதாகச் சொல்லிப் போவாள். திரும்பும்போது தலைமுடியில் எண்ணெய் வாசம். "எந்த ஜெபமலைலம்மா அடை சுடுறாங்க?" என்று நான் ஒருமுறை கேலி செய்தேன். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது என்னை அறைந்தது. அம்மா எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள். என் அம்மா!

"உபவாசம்னாங்களே..." என்றேன்.

"அதுல பொய்யில்ல. நாள் முழுக்க சுடுவா, ஒரு வாய் தொட மாட்டா. அடையத் திருப்பித் திருப்பி எங்க வீட்டாளுங்க பேரு ஒவ்வொண்ணாச் சொல்லி ஜெபம் வேற! 'வாய மூடிட்டுச் சுடுடி, வர்ற முன்னோருக்கு விக்கல் எடுக்கப் போகுது'ன்னு திட்டுவேன். மாமனார் ஒருதரம் தின்னு பாத்துட்டு, 'இது உன் கைப்பக்குவம் இல்லையே'ன்னார். அதோட சரி. அப்புறம் கேக்கவே இல்ல."

கிண்ணத்தைத் தடவினாள்.

"இந்தக் கிண்ணத்தத் தேய்ச்சு வச்சதும் அவதான். போன வருஷம் அவ போனத எனக்கு அப்போ யாருமே சொல்லல. கொல்லைக் கதவத் தெறந்து வச்சுக்கிட்டுச் சாயங்காலம்வரைக்கும் உக்காந்திருந்தேன்டா."

அண்ணனின் கை கிண்ணத்தின் மேலேயே இருந்தது. கொட்டிவிடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கரண்டியைப் பிடுங்கினான். அள்ளினான். எங்கள் சபையின் மூப்பர், படைத்த சோற்றை வாயில் போட்டு மென்றான். கண்ணீர் தாடையில் வழிந்தது.

"தின்னு," என்றாள் பெரியம்மா. "அவதான் ஒரு வாய்கூடத் தின்னதில்ல."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான் அண்ணன். "இத வாசிக்க மாட்டேன். நடந்தத அப்படியே சொல்லப் போறேன். இருங்க பெரியம்மா. நீங்க பக்கத்துல இருங்க."

"ஐயோ, வேணாம்ப்பா. ஆம்பளைங்க படையலுக்கு வந்து சேர்றதுக்குள்ள அவ கிளம்பிடுவா. உங்க ஆளுங்க வர்றதுக்குள்ள நானும் கிளம்புறேன்."

அவள் குனிந்து செருப்பு மாட்ட நான் தோள் கொடுத்தேன். கிண்ணத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. கிண்ணம் கட்டி வந்த துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே தெருவில் சபையாரின் பேச்சுக்குரல் நெருங்கியது.

"பின்பக்கமா படி இருக்கா?"

சமையலறை வழியாக அழைத்துப்போய்க் காட்டினேன். ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் தலை மறைந்ததும் கதவைச் சாத்தினேன்.