கொலுவுக்குப் போன தாரா

பழைய பித்தளைக் கடைக்காரனுக்குத் தராசு பேசினால் போதும், வாய் பேசக் கூடாது. கடை வைத்து வாயால் கெட்டவர்கள் உங்களில் இருந்தால் தலையாட்டுவீர்கள். திருச்சி பெரிய கடை வீதியில் கடை வைத்திருந்த காலத்தில் நான் வாயை மூடியதாக நினைவில்லை.

இரண்டு சொம்பு

நாகப்பட்டினத்திலிருந்து வந்த பழைய பாத்திர மூட்டைக்குள் சாண் உயரப் பெண் சிலை ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு, கையில் தாமரை. தாமரையைப் பார்த்த மாத்திரத்தில் மகாலட்சுமி என்று முடிவுகட்டினேன். என் கண் அப்படி! வழக்கமாக உருக்க எடுத்துப் போகும் பட்டறைக்காரர் அதைத் தூக்கவே, பிடுங்கி வைத்தேன். அவர் முணுமுணுத்தார்: "லட்சுமியோ யாரோ, உருக்கினா ரெண்டு சொம்பு வருங்க."

கொலுப்படி

நவராத்திரிக்கு முன்னால் ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கொலுவில் வைக்கச் சிலை வேண்டுமாம். "சாட்சாத் மகாலட்சுமி, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றேன். புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "தாயாருக்குத் திருமஞ்சனம் நானே பண்ணிக்கறேன். நீங்க தொடாதீங்கோ."

கிரீடம்

அடுத்த கோடையில், பழைய சிலைகளைத் தேடி அலையும் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். விற்ற சிலையைப் பற்றிப் பெருமையாக அளந்தேன். கிரீடத்தில் குட்டியாக ஒரு சாமியார் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். மனிதர் துள்ளி எழுந்தார். "அது புத்தருங்க! அவ லட்சுமி இல்லை, தாரா. பௌத்தர்களோட தேவி. கப்பல்ல போறவங்க, வழியில மாட்டிக்கிட்டவங்க கும்பிடுறவ. அவளைப் போய்க் கொலுவுக்கு வித்துட்டீங்களே!"

மாற்றுச் சிலை

ஆசாரமான வீட்டில் இப்படிச் செய்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது. அசல் லட்சுமி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு காவேரிப் பாலம் தாண்டினேன். கொலு முடிந்து மாதங்கள் ஆகியும் தாரா பெட்டிக்குள் போகவில்லை. அந்த வீட்டுப் பூஜை அறையில் பெருமாள் பக்கத்தில் பளபளவென்று பூச்சூடி நின்றாள்.

அந்த அம்மாளின் ஒரே பிள்ளை ரங்கூனில் குமாஸ்தா. யுத்தத்தில் அங்கே குண்டு விழுந்ததும் நடந்தே ஊருக்குக் கிளம்பியவன். மூன்று மாதமாகக் கடிதமில்லை. தினமும் இவளிடம்தான் சொல்லி அழுகிறாராம். ஆனாலும் பேராசிரியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, துணியை அவிழ்க்கப் போனேன். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

"வழியில மாட்டிண்டவாளுக்கான தேவியா? அப்போ நான் சரியான எடத்துலதான் சொல்லிண்டிருக்கேன். உங்க லக்ஷ்மியை எடுத்துண்டு போங்கோ."

பெயர் மாற்றி நான் விற்ற சரக்குகளில், இவ்வளவு சரியாகப் போய்ச் சேர்ந்தது வேறொன்றுமில்லை.