தராசில் தொங்கிய சித்தப்பா

போன வாரம் டாக்டர் என் மகனின் இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தார். நிறை போன வருடம் இருந்த அதே அளவுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நிறை அப்படியே நிற்கும், உள்ளே சதை போய்க் கொழுப்பு வந்திருக்கும் என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குச் சித்தப்பாவின் நினைவாகவே இருக்கிறது.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா அங்கே கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றியவர். ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறுவதைப் பார்க்கவே பிள்ளைகள் நாங்கள் பாதையோரம் நிற்போம். பிறகு பதுளையில் ஒரு துணிக்கடைக் கல்லாவில் அவருக்கு நாற்காலி கிடைத்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் வருவார். சாமி தூக்கும்போது பல்லக்கின் முன்கொம்பு எப்போதும் அவருக்குத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திருவிழா. மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளிக்கச் சட்டையைக் கழற்றிய சித்தப்பாவைக் கண்டு நான் வாயைப் பிளந்தேன். தோளும் தொடையும் வற்றியிருந்தன. வயிறு மட்டும் பானைபோல முன்னே வந்திருந்தது. கையிலும் காலிலும் இருந்த சித்தப்பாவை யாரோ அள்ளி வயிற்றில் வைத்துவிட்டது போலிருந்தது. பதுளையில் கற்றுவந்த வித்தை என்றே நினைத்தேன்.

அப்பாவுக்கு அது வித்தையாகப் படவில்லை.

"இந்தக் கால வச்சுக்கிட்டு மேட்டுல சாமி தூக்குவியாடா? சும்மா பின்னால வா."

"காலப் பாக்காதீங்கண்ணே. தராசு சொல்லட்டும்."

எல்லாரும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனோம். சாக்கு மாட்டும் கொக்கியை இரு கையாலும் பிடித்து, கால்களை மடக்கிச் சித்தப்பா தொங்கினார். லொறிக் காலத்தில் இப்படித் தொங்கி விளையாடியபோது முள் எங்கே நின்றதோ, அங்கேயே நின்றது. கொழுந்து நிறுக்கும்போது அதே தராசோடு தினமும் சண்டை பிடிக்கும் பெண்கள்கூட அன்று அதை அப்படியே நம்பினார்கள். அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"மழைக் கொழுந்தும்தான் கிலோ காட்டும் தம்பி. தண்ணிய வடிச்சாத்தானே தெரியும்."

"ஒங்களுக்குப் பொறாம மதினி."

முன்கொம்பு அவருக்கே கிடைத்தது.

கோயில் ஏற்றத்தில் பாதி வழி போனதும் சித்தப்பாவின் கால்கள் வெடவெடத்தன. அம்மன் ஒரு பக்கம் சாய்ந்தாள். அப்பா பாய்ந்து கொம்பைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். சித்தப்பா படியில் சரிந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஒரு செம்பைக் குடித்து முடித்ததும் இன்னொன்று கேட்டார். உடம்பு நடுங்கியது, நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. மேளம் நின்றது. "ஆத்தா எறங்கிட்டா" என்றார் ஒருவர். எல்லாக் கைகளும் குவிந்தன.

அது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று அன்று மாலை பதுளை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. உழைத்த சதை கரைந்து வயிற்றில் கொழுப்பு சேரச் சேர, உடம்பு சீனியை ஆளும் பலத்தை இழந்துகொண்டு வரும் என்பதையும், எந்த முள்ளும் அதைக் காட்டாது என்பதையும் நான் வளர்ந்த பிறகே படித்து அறிந்தேன். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். கொம்பை மட்டும் அதற்குப் பிறகு தொடவில்லை.

ஆனால் அந்தப் படியில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் பெரியம்மா ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆத்தாளுக்கு வெறுந் தண்ணியா குடுக்கிறது? பானகத்தக் கொண்டாங்கடி."

வெல்லம் கரைத்த பானகம் குடத்தோடு வந்தது. நானும் ஒரு செம்பை ஏந்திக் கொடுத்தேன். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தபடியே குடித்தார். அம்மனே என்னைப் பார்ப்பதாக எனக்குப் புல்லரித்தது. குடம் காலியாகிக்கொண்டிருந்தது. இத்தனை இனிப்பையும் குடித்த அம்மனுக்குத் தாகம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.