இரண்டாவது கோட்

முதலில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, இடது முழங்கையை ஜன்னல் விளிம்பில் போட்டுப் பார்க்கிறாள். கொஞ்சம் முன்னே தள்ளி வைக்கிறாள். பிறகு கொஞ்சம் பின்னே. "இந்த ஆளு குட்டை. காதும் மந்தம். ரேடியோ பக்கம் சாஞ்சுக்கிட்டேதான் ஓட்டியிருப்பான்" என்கிறாள். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. முழங்கை பட்ட இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் கீழே இறங்கி, அங்கே மட்டும் இரும்பு நாரால் தேய்க்கத் தொடங்குகிறாள் டார்லா செட்லாசெக். கதவில் அவள் நேற்று எழுதிய எழுத்துக்கு இன்று சாயங்காலத்துக்குள் அறுபது வயதாகிவிடும்.

டோரன் க்ரீக் என்கிற எங்கள் சிற்றூரில் அவள் கொட்டகைக்கு நேர் எதிரே என் உதிரிபாகக் கடை. வியாபாரம் இல்லாத நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், அவள் கொட்டகையில்தான் கிடப்பேன். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கும் அதேதான், சொன்னால் கடிப்பாள்.

பழைய பிக்கப் வண்டிகளை எங்கள் நெப்ராஸ்கா ஆட்கள் மதித்ததே இல்லை. பன்றித் தீவனம் ஏற்றினோம், செத்த கன்றுக்குட்டியை ஏற்றினோம், ஓடாமல் நின்றதும் மரவரிசைக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். இரும்பு விலை ஏறிய வருஷங்களில் வெட்டி எடைக்குப் போட்டோம். இப்படி நாங்களே தீர்த்துக்கட்டி, மிச்சம் சொற்பமானதும், சேறு படாத பூட்ஸ் போட்டவர்கள் வந்து இறங்கினார்கள். ஐம்பத்தாறாம் வருஷத்து ஃபோர்டு என்றால் பின்கண்ணாடி அகலமா, சின்னதா என்று ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். அகலம் என்றால் குரலே மாறிவிடுகிறது. கதவில் ஏதாவது பண்ணையின் பெயர் பாதி அழிந்து தெரிந்தால் அது இன்னும் பெரிய விஷயம். ஆனால் பெயருள்ள கதவுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்தக் குறையை டார்லா தீர்த்து வைக்கிறாள்.

ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. சட்டைக் கையை எந்தக் குளிரிலும் முழங்கை வரை மடித்துவிட்டிருப்பாள். மேலே எப்போதும் வினிகர் வாடை; உப்பும் வினிகரும் கலந்து தெளித்தால்தான் கைப்பிடியைச் சுற்றித் துரு பூக்குமாம். அணில்முடித் தூரிகைகளை எண்ணெய் தடவி சுருட்டுப் பெட்டியில் படுக்கவைப்பாள். மத்தியானம் சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டி ரோலைத் தோய்த்துத் தின்றுகொண்டே எழுத்தைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, ரோல் துண்டு வேண்டுமானால் பறந்து வரும்.

அவளுக்கு ஒரு விதி உண்டு. உண்மையான ஆள் பெயரை எழுத மாட்டாள். டன்வுட்டி என்று ஒரு பெயரை யோசித்தால் பழைய டெலிபோன் புத்தகத்தில் தேடுவாள். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கே போய் வரிசை வரிசையாக நடந்து பார்ப்பாள். எங்கேயும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தூரிகையைத் தொடுவாள்.

"பொய்ப் பேரைப் போட்டு விக்கிறியே, உறுத்தலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொய்ப் பேரு யாரை உறுத்தும் லைல்? நெசப் பேரைப் போட்டாத்தான்டா யாரோ ஒருத்தருக்குத் தூக்கம் போகும்."

போன அக்டோபரில் ட்ராய் பெக்மன் என்ற வியாபாரி இழுவண்டியில் ஒரு பிக்கப்பை ஏற்றிக்கொண்டு வந்தான். ஐம்பத்தாறு ஃபோர்டு. அகலப் பின்கண்ணாடி. பச்சை வண்டி, ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு மட்டும் சாம்பல் நிறம். கான்சாஸில் யாரோ ஒரு விதவையின் கொட்டகையில் கிடந்ததாம். டார்லா வண்டியைச் சுற்றி வந்தாள். பின்பலகையில், தண்ணீர்த் தொட்டியில் மோதியதுபோல ஒரு நீள நசுங்கல் இருந்தது. அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். கையிலிருந்த தூரிகை சொட்டிச் சொட்டி அவள் பூட்ஸில் மஞ்சள் வழிந்தது.

ட்ராய் கவனிக்கவில்லை. "சாம்பலுக்கு அடியில எழுத்து மேடு தட்டுது டார்லா, தடவிப் பாருங்க. பதமா வெளிய கொண்டாங்க. நெசமான பேரா மட்டும் இருந்துட்டா டென்வர்ல ஒரு பெரிய ரெஸ்டாரண்ட்காரன் ரெடியா இருக்கான். வண்டியைக் கூடத்து நடுவுல நிறுத்தி, அந்தப் பண்ணைக்காரன் கதையை ஃப்ரேம் போட்டு மாட்டுவான். கதை எவ்வளவு சோகமோ அவ்வளவு நல்லதுன்னான்."

நான்கு நாள் அந்த வண்டிப் பக்கமே அவள் போகவில்லை. ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைத் தாழிட்டாள். தண்ணீர் தொட்டுத் தொட்டு, நைஸ் உப்புத்தாளால் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி தேய்த்தாள். சாம்பல் கரைந்து ஓட, மஞ்சள் எழுத்து மெல்ல மேலே வந்தது. 'செட்லாசெக்' என்று பெரிதாக. பக்கத்தில் '&' குறி. அதற்கப்புறம், கதவு முடிகிற இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, 'மகள்'.

அவர்கள் வீட்டு வண்டியேதான்.

"பதினேழு வயசுல எழுதுனது. மொத மொத நான் எழுதுன எழுத்து" என்றாள். "அப்பா வெறும் செட்லாசெக்னுதான் எழுதச் சொன்னாரு. மிச்சத்தை நானாச் சேர்த்துட்டேன். எடம் பத்தல. பாத்துட்டு, 'கண்ணு, நீ கதவுக்கு வெளிய தொங்கறியே'ன்னு சிரிச்சாரு. ஆனா அழிக்கச் சொல்லல."

அவள் அதை எழுதி இரண்டு வருஷம் கழித்து, எண்பத்தைந்தில், அவர்கள் பண்ணை ஏலத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வாரம் ஒரு பண்ணை அப்படிப் போனது. ஏலத்துக்கு முன்னால் வண்டிக் கதவிலிருக்கும் பெயரின்மேல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை, எல்லோரும் செய்தார்கள். "எவனோ ஒருத்தன் என் பேரை ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள திரியக் கூடாது. ரெண்டு கோட் அடி" என்று டார்லாவிடம் தூரிகையைக் கொடுத்தார் அவள் அப்பா எமில்.

நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. எமில் வண்டிக்குக் கிட்டே வரவில்லை. இருபது தப்படி தள்ளித் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றார். அங்கிருந்தே மகளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். அவள் தலையாட்டினாள். அவர் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். நான் அந்த ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு ஓர் ஏணி வாங்கினேன். அது இன்னும் என் கடையில் இருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கண்ணில் படும்படி நான் அதில் ஏறியதுமில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வீட்டைக் காலி செய்ய மார்ச் வரை நேரம் கொடுத்திருந்தார்கள். எமில் நவம்பரிலேயே, காலியாகக் கிடந்த இயந்திரக் கொட்டகையில் தூக்குப் போட்டுக்கொண்டார். தேடிப் போய்ப் பார்த்தது டார்லா.

"ஒரு கோட்தான் அடிச்சேன் லைல்" என்றாள், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு மேல கை வரல. ரெண்டுன்னு தலையாட்டிட்டேன். அவருகிட்ட நான் சொன்ன கடைசிப் பொய்."

மறுநாள் காலையில் ட்ராய் ஒரு மதிப்பீட்டாளரோடு வந்துவிட்டான். எல்டன் ரூட் என்று பெயர். நரைத்த மீசை, கழுத்தில் பூதக்கண்ணாடி. டார்ச் அடித்துக் கதவைப் பத்து நிமிஷம் மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்.

"டூப்ளிகேட்" என்றார்.

ட்ராய்க்கு முகம் தொங்கிவிட்டது. "என்ன சார் சொல்றீங்க?"

"அண்ட் சன்ஸ்னு எழுதுன கதவு நூறு பாத்திருக்கேன். மகள்னு ஒண்ணுகூட இந்த நாப்பது வருஷத்துல பாத்ததில்ல. அந்தக் காலத்து விவசாயி எவன்யா பொண்ணு பேருல பண்ணை நடத்துனான்? இப்ப இருக்கறவங்க கண்ணுல தண்ணி வரவைக்கணும்னு யாரோ பண்ண வேலை. எழுத்தும் கண்றாவி. கடைசி வார்த்தைக்கு எடமே விடல."

ட்ராய் டார்லா பக்கம் திரும்பினான். அவளை வெறும் டார்லாவாகத்தான் அவனுக்குத் தெரியும், குடும்பப் பெயர் தெரியாது. "இருக்கறதை வெளிய கொண்டாங்கன்னுதானே சொன்னேன்? இதை நீங்களா எழுதுனீங்க?"

நான் வாயைத் திறந்துவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"நான்தான் எழுதுனேன்" என்றாள்.

"உங்க வேலை பிரமாதமா இருக்கும்னு கேள்விப்பட்டேனே" என்றார் ரூட்.

"அப்பப் பழக்கம் பத்தல சார்."

ட்ராய் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். "மூடுங்க அதை. பச்சையை அடிச்சு விடுங்க. பேரும் வேணாம் ஊரும் வேணாம், மொட்டை வண்டியாவே வித்துக்கறேன்."

அவர்கள் போனதும் அடக்க முடியாமல் கத்தினேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்படியே நெலைச்சிருக்கும்டீ! நாடு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கதவு இன்னொண்ணு கெடைக்காது!"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பன்னி வறுவலைத் தின்னுக்கிட்டே எங்கப்பா செத்த கதையைப் படிக்கணுமா? அடுத்த மேசைக்காரன், 'வண்டி சூப்பரா இருக்குல்ல'ன்னு போட்டோ எடுக்கணுமா? அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, லைல்."

"சரி, அவரு பேரு போகட்டும். அதுல நீயும் இருக்கியேடீ."

அவள் பெயிண்ட் டப்பாவை இழுத்துக்கொண்டாள். பச்சையைக் கலக்க உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கோட் அன்றைக்கே அடித்தாள். காய்ந்த பிறகு சாய்வான வெயிலில் எழுத்தின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. கடைசி வார்த்தைமேல் மட்டும் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினாள். பிறகு உப்புத்தாளை எடுத்து அந்த மேட்டையும் சமமாக்கினாள். என்னால் பார்க்க முடியவில்லை. கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை என் கடை வாசலிலிருந்து பார்த்தேன். இரண்டாவது கோட் அடித்து முடித்திருந்தாள். கதவில் ஒன்றும் இல்லை. புத்தம் புதிய பச்சை, அவ்வளவுதான். தூரிகையைச் சுருட்டுப் பெட்டியில் வைத்து மூடினாள். கொட்டகைக் கதவை அகலத் திறந்துவிட்டு வெளியே வந்தாள். வாய்க்குள் எண்ணியபடியே நடந்தாள். இருபதாவது தப்படியில், தெருவின் பாதியில், நின்று திரும்பினாள். எதிரே வந்த தானிய லாரி ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. அங்கிருந்தே அந்தக் கதவைப் பார்த்து, ஒரே ஒரு தடவை தலையாட்டினாள்.