கழுத்தைப் பார்த்தவர்

எண்பதுகளில் ஒருநாள், கோலசிலாங்கூரிலிருந்து நான் குடியிருந்த எஸ்டேட் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே என் கழுத்தையே பார்த்தார். அவர் கண் என் தங்கச் சங்கிலி மேல்தான் என்று நினைத்து, காலர் பட்டனைப் போட்டேன்.

"கழுத்துல கட்டி இருக்கு தம்பி. பட்டனை அவுத்துடு லா."

பயந்துபோய் அவிழ்த்தேன். ஒரு கையால் பிடரியைப் பிடித்து, மறுகையால் தொண்டையை அழுத்தினார்.

"எச்சில முழுங்கு. பாத்தியா, கட்டியும் மேல ஏறுது. வெறும் தோலுக்கடியில இருந்தா ஏறாது. உள்ள ஒரு சவ்வு அதைக் குரல்வளையோட சேத்துக் கட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடு."

"தோட்டத்து ஆஸ்பத்திரியில கட்டுப்போட்டு மருந்து குடுக்குற டிரெசரா நீங்க?"

சிரித்தபடி இறங்கிவிட்டார்.

வீட்டுக் கண்ணாடி முன் நின்று முழுங்கிப் பார்த்தேன். கட்டி ஏறி இறங்கியது. சங்கிலியைக் காணோம்.

"நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க" என்றார் கட்டியை அறுத்தெடுத்த டாக்டர். தழும்பைத் தடவும்போதெல்லாம், அந்த வெள்ளைச் சட்டைக்காரரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று இன்னும் தெரியவில்லை.