வீரமுத்து பெட்டியின் பலத்தைக் குறைத்தது

செடெனாக் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், எஞ்சின் ஓட்டும் வீரமுத்துவைப் போல ஒருவன் அதற்கு முன்னும் பிறக்கவில்லை, பின்னும் பிறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பலகையை வீசிவிட்டு எண்ணெய்க் கையோடு வளர்ந்தவன். சப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்கார மானேஜர் ஓடிப்போனதும், மற்றவர்கள் பங்களாவில் புகுந்து அரிசியும் போர்வையும் எடுத்தார்கள். வீரமுத்து படம் காட்டும் கருவியின் வயிற்றைப் பிரித்து வால்வுகளை எடுத்தான். கண்ணாடிக் குடுவைக்குள் சிவப்பாகக் கனலுமே, அந்த வால்வுகள். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு முறை மின்சாரம் தூக்கி எறிந்தது, ஒரு விரல் கருகியது. ஆனாலும் சின்னச் சத்தத்தைப் பெரிய சத்தமாக்கும் பெட்டி ஒன்றைக் கட்டி முடித்துவிட்டான்.

பெட்டி தயார். அதற்குள் அனுப்பத்தான் சத்தம் இல்லை. வீரமுத்து பாடினால் அங்கம்மாவே, அதுதான் அவன் பெண்டாட்டி, வெளியே போய்விடுவாள்.

அந்த நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து தங்கராஜு வந்து சேர்ந்தான். அங்கே நடனக் கூடத்தில் கித்தார் வாசித்தவன். அந்த ஊர் சப்பான்காரன் கையில் விழுந்ததும் கித்தாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டான். வீரமுத்து மானேஜர் வீட்டுத் தொலைபேசியின் காது வில்லையைக் கழற்றிக் கித்தார் கம்பிகளுக்கு அடியில் ஒட்டி, பெட்டியோடு இணைத்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரப்பர்ப் பால் கொட்டகையில் வாசிப்பு. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிப்போன சனம் அன்றைக்குத்தான் சிரித்தது.

"தங்கராஜு கையில என்னமோ இருக்கு லா!"

"மனுசனா அவன்? கித்தாரு பேசுதுய்யா!"

பெட்டிக்குப் பின்னால் நின்ற வீரமுத்து கருகிய விரலைத் தடவிக்கொண்டான். பேசுவது கித்தாரா, பெட்டியா? பெட்டியை நிறுத்தினால் அந்தக் கித்தார் மூன்றாவது வரிசைக்கே எட்டாது. கருகிய விரல் இவனுடையது, கைதட்டு அவனுக்கு. தங்கராஜு குளிக்கப் போனால் நான்கு பேர் கூடவே போகிறார்கள். வீரமுத்து எதிரே வந்தால், "தங்கராஜு இந்த ஞாயித்துக்கெழம வாசிக்குதா?" என்று இவனிடமே கேட்கிறார்கள்.

"சோறு எறங்கலியா?" என்றாள் அங்கம்மா.

"கெழங்குதான வெச்சிருக்க, எப்படி எறங்கும்?"

"கெழங்கு இல்ல. தங்கராஜுதான் தொண்டையில நிக்கிறான்."

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் சதாசிவம் கிராணி கன்னம் வீங்கி வந்து நின்றார்.

"வீரமுத்து, ரோட்டுக் காவல் சாவடியில சப்பான்காரன் அறைஞ்சிட்டான்பா. ஒங்க தோட்டத்துல என்ன சத்தம்னு கேக்குறான். இனிமே அங்க வரைக்கும் கேட்டுச்சுன்னா, பெட்டிய ஒடைச்சிருவான். ஒன்னயும் சயாம் ரயில் வேலைக்கு லாரியில ஏத்திருவான்."

"சத்தத் திருகைக் கொறச்சு வெச்சா போச்சு, ஐயா."

"யாரு, தங்கராஜு கொறைக்கப் போறானா? ரெண்டு பாட்டுல அவன் கை தானா ஏத்திரும். வேரிலயே வெட்டுப்பா."

வீரமுத்துவுக்கு உள்ளே கரும்பு கடித்ததுபோல் இருந்தது. உத்தரவு சப்பான்காரனுடையது, பலனோ தனக்கு! பெட்டியின் பலத்தையே குறைத்துவிட்டால் தங்கராஜு திருகை முறியும்வரை திருகினாலும் முனகல்தான் வரும். அப்போது தெரியும், பேசியது யார் என்று.

சத்தத்தைத் தள்ளுகிற வால்வுகள் நான்கு. பக்கத்துக்கு இரண்டாக ஏர் மாடுகள் போல இழுக்கும். ஒரே பக்கத்து இரண்டையும் பிடுங்கினால் பெட்டி நொண்டியடித்துக் கெட்டுவிடும் என்பது வீரமுத்துவுக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்தான். தங்கராஜுவிடம் கித்தாரை வாங்கி வந்து, அங்கம்மாவைக் கீரைக் கூடையோடு சாலைப் பக்கம் அனுப்பிவிட்டு, கம்பிகளை மீட்டினான்.

திரும்பி வந்தவள் கூடையை இறக்கினாள். "நல்லாத்தான் கேக்குது. தவளை கத்துற மாதிரி டொய்ங் டொய்ங்னு. அது நீங்கதான்னுகூடத் தெரிஞ்சுச்சு."

அவனுக்கு அதிர்ச்சி. பலத்தில் பாதி போய்விட்டது, ஆனால் சத்தம் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. காது வேறு கணக்குப் போடுகிறது. சரி, இன்னும் நெரிக்க வேண்டும். வால்வுகளுக்குப் போகும் பெரிய மின்சாரத்தின் பாதையில், அலுவலகத்துக் கக்கூசிலிருந்து கழற்றிய இரண்டு சின்ன பல்புகளைக் குறுக்கே கட்டினான். போகிற மின்சாரம் அவற்றைக் கடந்துதான் போகவேண்டும், கடக்கும்போது இளைத்துவிடும்.

"இப்ப ஒண்ணும் கேக்கல. செத்துப்போச்சா?" என்றாள் அங்கம்மா.

"பெட்டி சாவல. வேற ஒருத்தன் சாவப்போறான்" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கராஜு முதல் கம்பியைத் தொட்டான். சத்தம் சிறுத்து வந்தது. முகம் சுருங்கி, திருகைப் பாதிக்கு ஏற்றினான். போதவில்லை. முழுதும் திருகினான். வீரமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

முனகல் வரவில்லை. ஓரம் லேசாகக் கிழிந்த, அழுது கம்மிய குரல்போல ஒரு நாதம் வந்தது. மீட்டிய ஓசை சட்டென்று சாகாமல் நீண்டுகொண்டே போனது. அவன் அழுத்தி மீட்டும்போதெல்லாம் பல்புகள் செவ்வொளி ஏறி, மெல்ல அடங்கின. பலம் குன்றிய வால்வுகள் திணறுகிற திணறல் அது என்று வீரமுத்துவுக்குப் புரிந்தது. அந்தத் திணறல் இத்தனை அழகாக இருக்குமென்று யார் கண்டது? பின்வரிசைச் சனம் எழுந்து வந்து காலடியில் நெருக்கி உட்கார்ந்தது. சயாம் ரயில் வேலைக்கு மகனைப் பறிகொடுத்த கருப்பாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. வீரமுத்துவுக்கு அது கைதட்டைவிட மோசம்.

"அண்ணே, என்ன பண்ணீங்க?" தங்கராஜு கித்தாரைக் கீழே வைத்துவிட்டு வந்தான். "சிங்கப்பூர்லகூட இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல."

"திட்டம் போட்டுத்தான் செஞ்சேன்" என்றான் வீரமுத்து. பொய் சொன்ன வாய் கசந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் தூங்கவில்லை. வால்வுகளைத் திரும்பச் செருகி, பல்புகளைக் கழற்றினால் அழுகை போய்விடும், பழைய மொட்டைச் சத்தம் வந்துவிடும், தங்கராஜு சாதாரண ஆளாகிவிடுவான். ஆனால் சாவடிக்குக் கேட்கும், பெட்டி போகும். பெட்டியைக் காத்தால் எதிரி வளர்கிறான். எதிரியைச் சாய்த்தால் பெட்டி சாகிறது. சனிக்கிழமை ஒரு வால்வைச் செருகியும்விட்டான்.

அங்கம்மா வாசலில் நின்று பார்த்தாள். "செருகுங்க. ரெண்டையும் செருகுங்க. நாளைக்குச் சப்பான்காரன் வந்து பெட்டிய ஒடைக்கட்டும். அப்புறம் நீங்க யாரு? எஞ்சினுக்கு எண்ணெ ஊத்துறவரு. தங்கராஜு அப்பவும் தங்கராஜுதான்."

வீரமுத்து வால்வைப் பிடுங்கினான். பிறகு நேரே தொழிலாளர் லயத்தில் தங்கராஜு தங்கியிருந்த வீட்டுக்குப் போனான்.

"ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால, இந்தச் சத்தம் வீரமுத்து செஞ்சதுன்னு நீ சொல்லணும். இல்லாட்டி பெட்டி கிடையாது."

"இதச் சொல்லணுமா அண்ணே? நான் சொல்லாம யாரு சொல்லுவா?"

சொன்னான். கும்பிட்டுச் சொன்னான். கூட்டம் உருகிவிட்டது.

"பாத்தியா, எவ்வளவு பெரிய மனசு! அடுத்தவனத் தூக்கி வெக்கிறான் பாரு."

"அதான் தங்கராஜு!"

வீரமுத்து பல்லைக் கடித்தான். அடுத்த ஞாயிறு பெட்டியைக் கொட்டகை மேடையின் முன்விளிம்புக்கு இழுத்து வந்து, துடைத்து, சனத்தைப் பார்த்தபடி நிறுத்தினான். வால்வுகள் கனல்வதும் பல்புகள் ஏறி இறங்குவதும் எல்லார் கண்ணிலும் படட்டும். தங்கராஜு அதற்குப் பின்னால், தரையில்தான் உட்கார வேண்டும் என்றான். "சரிண்ணே" என்றான் தங்கராஜு. பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்து சுருதி சேர்த்தான்.

முதல் பாட்டு பாதியில் கருப்பாயி எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர். பிறகு கொட்டகையே எழுந்து, பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் தங்கராஜுவின் எதிரே உட்கார்ந்துகொண்டது. பெட்டி ஆளில்லாத பக்கம் பார்த்து அழுதது. வீரமுத்து மட்டும் அதன் முன்னால் நின்றான்.