சொட்டு வைத்த அட்டைகள்

கண்ணாடி டம்ளரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் கலர் மாஸ்டர். உள்ளே இருப்பது கேரட் இரண்டு, ஆரஞ்சு ஒன்று, விரலளவு பீட்ரூட். “செவப்பு கொஞ்சம் தூக்கலா நிக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு அரை கேரட்டை நறுக்கி மிக்ஸியில் போடுகிறார். குடிக்கப்போகிற டீச்சர், அதாவது அவருடைய மனைவி, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அன்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு எதற்கு ஜன்னல் என்று யாருக்கும் தோன்றும். மாஸ்டருக்கு அது உதவாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சூடு தெரியும், குளிர்ச்சி தெரியும், மற்றதெல்லாம் அவருக்கு ஈரமான காகிதம்தான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, டீச்சரிடம்கூட. சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால், டீச்சர் முதல் கவளத்தை விழுங்கும்வரை காத்திருந்து, அந்த முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். கண் பார்வை போனால் கண்ணாடி போடலாம், மூக்கு போனால் என்னத்தைப் போடுவது என்பது அவர் கட்சி.

கண் மட்டும் அவருக்கு இரண்டு ஆள் கண். பெயிண்ட் கடையில் இன்றைக்கும் அவர் இல்லாமல் காரியம் ஓடாது. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்று நிற்பார்கள். மெஷின் ஒரு நம்பரைச் சொல்லும். ஐந்து வருஷம் வெயிலில் காய்ந்த சுவருக்கு அந்த நம்பர் பொருந்தாது. அப்போது மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். கறுப்பில் ஒரு சொட்டு, காவியில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, விரல் நுனியால் வெள்ளை அட்டையில் தொட்டு வைத்து, குழந்தை காயத்துக்கு ஊதுவதுபோல உஃப், உஃப் என்று ஊதுவார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் ஒரே பதில்தான்: “ஈரத்துல எல்லாக் கலரும் அழகாத்தான் இருக்கும். காயட்டும், பேசுவோம்.”

அந்தப் பழக்கம் அப்படியே சமையலறைக்கும் வந்தது. போன வருஷம் டீச்சருக்கு வயிற்றில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கண்டாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடம்பு பாதியாகிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள், பழமும் காய்கறியும் ஜூஸாகவாவது உள்ளே போகட்டும் என்று போனில் சொன்னாள். அதுவரை வெந்நீர் வைக்கவும் அந்தப் பக்கம் போகாத மனிதர், மறுநாள் காலை ஐந்து மணிக்கு மிக்ஸியை ஓடவிட்டு அடுக்குமாடியையே எழுப்பிவிட்டார்.

கடையிலிருந்து வெள்ளை அட்டைகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் ஜூஸில் ஒரு சொட்டு அட்டையில் விழும். ஊதிக் காயவைத்து, கீழே காய்களின் அளவை எழுதுவார். டீச்சர் குடித்து முடித்ததும், “எப்படி?” என்பார். “நல்லா இருக்கு” என்று பதில் வரும். அதையும் எழுதுவார். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் அரை மார்க்குக்கு மாணவர்களைத் தண்ணீர் குடிக்க வைத்தவர் அவர். அந்த வாயிலிருந்து இப்படி அள்ளி அள்ளிப் பாராட்டு விழுகிறதே என்று மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. நூற்றுச் சொச்சம் அட்டைகள் சேர்ந்தன. அத்தனையிலும் “நல்லா இருக்கு.” கடையில் முதலாளியிடம்கூட ஒருநாள், இனிமேல் தனக்கு இரண்டு தொழில் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு நிறம் மட்டும் அவருக்குப் பிடிகொடுக்காமல் இருந்தது. குழந்தைகள் தூங்கும் அறைக்கு அடிக்கிற இளம்பச்சை. வெள்ளரிக்காய் போட்டால் வெளுத்துப்போனது, கீரை போட்டால் கறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுரைக்காய் வாங்கிவந்து அரைத்து வடிகட்டினார். முதல் தடவையிலேயே வந்து நின்றது அந்தப் பச்சை. டம்ளரை ஜன்னலில் காட்டியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார், அவ்வளவு சந்தோஷம்.

டீச்சர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மடமடவென்று கடைசிவரை குடித்து டம்ளரை நீட்டினார்.

“எப்படி?”

“நல்லா இருக்கு.”

அரை மணி நேரத்தில் டீச்சர் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். வாந்தி நிற்கவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. மாஸ்டர் லுங்கியோடு தெருவுக்கு ஓடி ஒரு வண்டியைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்ட பிறகுதான் டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சுரைக்காய் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“கசந்துதாம்மா?”

டீச்சர் தலையை ஆட்டினார்.

“கசக்கிற சுரைக்காய் விஷம்மா. நாக்குல பட்டதுமே துப்பியிருக்கணும். ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கிப்போச்சு தெரியுமா? முழு டம்ளரும் ஏன் குடிச்சீங்க?”

டீச்சர் கணவரைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். டாக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பி, அரைத்தவர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்திருக்கலாமே என்றார். அந்தக் கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் மாஸ்டர் தன் கைகளையே பார்த்தார். தன் கையால், அளந்து, வடிகட்டி, நிறம் பார்த்து விஷத்தைக் கொடுத்திருக்கிறார்.

டாக்டர் போன பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “எனக்கு ருசி தெரியாதும்மா. ரெண்டு வருஷமாச்சு.”

“தெரியும்.”

“எப்படி?”

“பால் அடிப்பிடிச்சு வீடெல்லாம் நாறுச்சு. நீங்க சமையலறை வாசல்லயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க.”

“அப்பவே கேட்டிருக்கலாம்ல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றார் டீச்சர். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, “நல்லா இல்லன்னு சொன்னா விட்டுடுவீங்க. எனக்காகக் காலங்காத்தால எந்திரிக்கிறீங்க. அத நிறுத்த மனசு வரல” என்றார்.

மாஸ்டருக்கு அழுகை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பியதும் முதல் வேலையாக மிக்ஸியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். அட்டைக்கட்டைக் குப்பையோடு சேர்த்து வைத்தார். இரண்டு வாரம் காலையில் அந்த வீட்டில் சத்தமே இல்லை. டீச்சரின் தட்டும் முன்போலப் பாதி சாப்பாட்டோடு திரும்பிவந்தது. அட்டைக்கட்டு மட்டும் குப்பைக்குப் போகவில்லை. ஒருநாள் டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கையில் பழைய சிவப்புப் பேனா.

“வாங்க, இங்க உக்காருங்க” என்றார்.

ஒவ்வொரு அட்டையாக எடுத்தார். பீட்ரூட்டும் நெல்லிக்காயும் சேர்ந்தது மண்ணைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்ததாம், பத்துக்கு இரண்டு. கேரட், ஆரஞ்சு, இஞ்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது, பத்துக்கு எட்டு. கீரை போட்ட நான்கு நாள் ஜூஸும் பூந்தொட்டிச் செடிக்குப் போயிருக்கிறது. அந்தச் செடி ஏன் பட்டுப்போனது என்று அன்றைக்குத்தான் மாஸ்டருக்குத் தெரிந்தது. நூற்றுச் சொச்சத்தில் தேறியது பதினொன்று.

இளம்பச்சைச் சொட்டு வைத்த அட்டை வந்தபோது டீச்சர் அதற்கு மார்க் போடவில்லை. இரண்டாகக் கிழித்தார். பிறகு பரணைக் கையால் காட்டினார்.

இப்போது மிக்ஸி மறுபடியும் ஓடுகிறது. சுரைக்காய் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. வெள்ளரிக்காயானாலும் நுனியில் ஒரு சீவல் முதலில் டீச்சர் வாய்க்குப் போகவேண்டும், அவர் சரி என்றால்தான் கத்தி மேற்கொண்டு நகரும்.

இன்றைக்குச் சேர்த்த அரை கேரட் வேலை செய்திருக்கிறது. டம்ளரில் நிற்பது சாயங்கால வெயில் விழுந்த சுவரின் நிறம், இதுவரை அவர் கலந்ததிலேயே அழகானது. அட்டையில் சொட்டு வைத்துவிட்டு டம்ளரை நீட்டுகிறார். டீச்சர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு வாய் குடிக்கிறார். மூக்கு சுருங்குகிறது. எழுந்துபோய், அவர் பார்க்கப் பார்க்க, மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டுகிறார்.

“நல்லா இல்ல. ஆரஞ்சுக் கொட்டை அரைபட்டிருக்கு. பத்துக்கு மூணு.”

மாஸ்டர் பேனாவைத் திறந்து, சொட்டுக்குக் கீழே மூன்று என்று எழுதுகிறார். பிறகு அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மை கலைந்துவிடாமல், உஃப், உஃப் என்று ஊதுகிறார்.