கலங்கரைக் காவலர் சங்கத்துப் பித்தளை வில்லை

வில்லை கைக்கு வந்ததும் ஆர்வின் கெஸ்லர் முதலில் கண்களை மூடிக்கொள்வார். கட்டைவிரல் அதன் முகத்தில் ஒருமுறையும் முதுகில் இருமுறையும் தவழும். சட்டையில் குத்தும் ஊசியைப் பற்றவைத்த இடத்தில் ஈயம் மிளகளவு திரண்டிருந்தால் அது போர்க்காலத்துச் சரக்கு. வழவழவென்று படிந்திருந்தால் பின்னாளில் எவரோ வார்த்த போலி. பிறகு மூக்கருகே கொண்டுபோவார். கண் திறப்பது அதற்கும் பிறகுதான். விற்க வந்தவர் அதுவரை வாய்பேசாமல் நிற்க வேண்டும். பொறுமையிழந்து விலை சொல்லத் தொடங்கினால், "பொறுங்க, அது இன்னும் சொல்லி முடிக்கல" என்பார்.

கலிபோர்னியாவின் லோடை நகரில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. சட்டைப் பையில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு சோடி வெள்ளைப் பருத்திக் கையுறையும் எப்போதும் இருக்கும். பழைய தாளைத் தொடும்போது மட்டும் அணியும் அந்தக் கையுறையை அவர் மனைவி லவெர்ன், "மாப்பிள்ளை அலங்காரம் ஆரம்பிச்சாச்சு" என்று கேலி செய்வாள். வில்லைகளைத் துலக்குவது அவருக்குப் பெரும்பாவம். நண்பர் ஒருவர் பற்பசை போட்டு ஒன்றைப் பளபளக்கத் தேய்த்துக்கொண்டு வந்தபோது, அதை ஏறெடுத்தும் பாராமல், "அதோட நாப்பது வருஷத்தையும் வாஷ்பேசின்ல ஊத்திட்டு வந்திருக்கே" என்று சொன்னார். இரண்டு மாதம் அவரோடு பேச்சில்லை.

எல்லாம் உலகப்போர் நடந்த 1941ஆம் ஆண்டில் தொடங்கியது. கலங்கரைக் காவலன் என்ற சித்திரக்கதை அப்போது மாதந்தோறும் வந்தது. கரையோர விளக்கை ஏற்றியவுடன் கடற்பரப்பின் அடிவரை காணும் கண்பெறும் ஒரு விளக்குக்காரனின் வீரக்கதை அது. கடைசிப் பக்கத்தில் சங்கத்தில் சேரும் படிவம் இருக்கும். பத்துச் சென்ட் நாணயத்தை அட்டையில் ஒட்டி நியூயார்க்குக்கு அனுப்பினால், ஐந்தாறு வாரத்தில் பழுப்பு உறையொன்று வரும். உள்ளே விளக்குமாடம் பொறித்த பித்தளை வில்லை, பெயர் தட்டச்சிட்ட உறுப்பினர் அட்டை, ஐயத்துக்குரியோரைக் குறித்துவைக்க ஒரு சின்னஞ்சிறு ஏடு. "கண் துஞ்சேன், கரை காப்பேன்" என்பது உறுதிமொழி. லோடையிலிருந்து கடலுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். அதனாலென்ன? பத்து வயது ஆர்வின் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி நின்று, கண்ணுக்கெட்டியவரை சிவந்து கிடந்த டோக்கே திராட்சைக் கொடிகளிடையே நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார்.

மறு இலையுதிர்காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. வில்லைகளைப் போருக்குக் கொடுங்கள் என்று கலங்கரைக் காவலனே கதையின் நடுவில் நின்று கேட்டான். பள்ளிக்கூட மைதானத்தில் மலையெனக் குவிந்த பழைய அடுப்பு, கட்டிற்சட்டம், வாணலிகளின்மேல் ஆர்வின் தம் வில்லையை எறிந்தார். விழுந்த ஓசைகூடக் கேட்கவில்லையாம். "அது குண்டாயிடும்னு டீச்சர் சொன்னாங்க. இன்னும் எங்கேயோ பறந்துக்கிட்டுத்தான் இருக்குன்னு எனக்கு நெனப்பு" என்பார். பின்னர் சேர்ந்த பிள்ளைகளுக்கு அட்டையில் அச்சிட்ட வில்லைகளே கிடைத்தன; அவை முதல் மழைக்கே கூழாயின. இவ்வாறு பித்தளை போரிலும் அட்டை மழையிலும் அழிந்தபின், எஞ்சியவற்றை முப்பதாண்டுகளாகத் தேடித் தம் பின்கட்டு அறையின் இழுப்பறைகளில் சேர்த்துவருகிறார். பித்தளை அறுபத்துமூன்று, அட்டை ஒன்பது.

தோட்டக்காரர் சங்கக் கூடத்தில் மாதத்தின் முதற் சனிக்கிழமை அவரைப் போன்ற பன்னிருவர் கூடுவார்கள். பல் மருத்துவர், ஓய்வுபெற்ற தபால்காரர், கன்னியாஸ்திரீ ஒருவர் என்று பலதிறத்தார். நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொல்லிவிட்டே காப்பிக்கு உட்காருவார்கள். எவருக்கும் சிரிப்பு வராது. ஒரு விதி அவர்களுக்கு உண்டு. பிள்ளையின் பெயர் எழுதிய எந்தப் பொருளாயினும், அப்பெயருக்கு முதலில் கடிதம் எழுத வேண்டும். உரியவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும். கடிதம் திரும்பி வந்தால்தான் பொருள் கண்காட்சி ஏறலாம். இவ்விதியை வகுத்தவர் ஆர்வின். திரும்பிவந்த நாற்பத்தொரு கடிதங்களை அவர் ஒரு தொகுப்பில் ஒட்டிவைத்திருக்கிறார். பதில் வந்தவை ஆறே. அவற்றில் ஒன்று, "அந்தப் பையன் நான்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் அழித்துவிடாதீர்கள்" என்றது.

இவ்வாண்டு, எண்பத்துமூன்றின் வசந்தத்தில், கிழக்குக் கரை வணிகர் ஒருவரின் பட்டியலில் பதினெட்டாவது வரியை அவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மறுபடி படித்தார். மூடிப்போன பதிப்பகத்தின் கிடங்கில் கிடைத்த சங்க உறை ஒன்று, ஒட்டுப் பிரிக்கப்படாதது, முகவரி லோடை, கலிபோர்னியா. பிரிக்கப்படாத உறையை அவர் வட்டத்தில் எவரும் கண்டதில்லை. பணம் அனுப்பிய பத்து நாளில் அது வந்தது. மிஸ் ஃபுமிகோ நகாவோ, கிராமத் தபால் தடம் இரண்டு, பெட்டி 212. அதன்மேல் ஊதா நிறத்தில், விரல் நீட்டிய கையின் முத்திரை: அனுப்பியவருக்கே திருப்புக, இடம் பெயர்ந்தார், முகவரியில்லை, மே 1942.

ஜப்பானோடு போர் என்பதால், அந்த மே மாதத்தில் லோடையின் ஜப்பானியர் ஒருவர் விடாமல் ஆளுக்கிரண்டு பெட்டியோடு அரசு முகாம்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டதை அவர் அறிவார். வகுப்பில் ஒரே நாளில் ஏழு மேசைகள் காலியானதைக் கண்டவர். இருந்தும் விதிப்படி பெட்டி 212க்குக் கடிதம் எழுதினார். நான்காம் நாள் அது திரும்பியது. ஆகஸ்டுக் கண்காட்சிக்குக் கண்ணாடிப் பேழை செய்யச் சொல்லிவிட்டு, இரவுணவின்போது மனைவியிடம் செய்தியைச் சொன்னார்.

லவெர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "தடம் ரெண்டா? அந்த ரோட்டைத் தூக்கிட்டுத்தானே நெடுஞ்சாலை போட்டாங்க. லெட்டர் யாருக்குப் போகும், லாரிக்கா?"

"பேருக்கும் விலாசத்துக்கும் எழுதணும். எழுதினேன். திரும்பிடுச்சு."

"துணிக்கடை ஃபுமிகிட்டக் கேட்டியா?"

"அவங்க குடும்பப் பேரு ஓடா. இதுல நகாவோன்னு இருக்கு."

"நானும் உன்னைக் கட்டிக்கிற வரைக்கும் கெஸ்லர் இல்ல, ஆர்வின்."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அதன்பின் ஒன்பது நாள், பேருந்து பள்ளிக்கூடத் தெருவில் துணிக்கடையைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து வங்கிக் கடிகாரத்தில் மணி பார்த்தார். மணி அவருக்குத் தெரியாததல்ல. ஒவ்வோர் இரவும் இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்து, முன்பக்கம் மேலிருக்க வைத்தார். பெயர் கண்ணில் படவே திருப்பி வைத்தார். திருப்பினால் ஒட்டின் அழகு தெரிந்தது. நாற்பத்தொரு ஆண்டாக எவர் மூச்சும் படாத ஒட்டு. பத்தாம் நாள் காலை, லவெர்ன் கட்டிவைத்த மதிய உணவு டப்பாவின் மேல் அந்த உறை இருந்தது.

அன்று மாலை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார்: மஞ்சள் பேருந்தைத் துணிக்கடை வாசலிலேயே நிறுத்தினார். ஃபுமி ஓடா வெட்டு மேசையின் பின்னால் கழுத்தில் அளவு நாடாவோடு நீலப் பருத்தியை அளந்துகொண்டிருந்தார். அவருடைய மகனும் மகளும் ஒன்பது ஆண்டுகள் ஆர்வினின் பேருந்தில் போனவர்கள். பிள்ளைகள் அழைத்த பெயராலேயே ஃபுமியும் அவரை அழைத்தார்.

"மிஸ்டர் கே, இந்த வண்டிய இங்க நிறுத்தினா உங்களுக்கு வேல போயிடும். திரைத்துணியா?"

ஆர்வின் கையுறைகளை அணிந்து, உறையை நீலத் துணிமேல் வைத்தார். ஃபுமி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். நெடுநேரம் படித்தார், அத்தனை எழுத்து அதில் இல்லாதபோதும். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அந்தப் பத்துச் சென்ட், ஃபுமி திராட்சை பொறுக்கிச் சம்பாதித்தது. தினமும் தபால்பெட்டியடியில் நின்றிருக்கிறார். முதலில் அடைத்துவைத்த ஸ்டாக்டன் பொருட்காட்சித் திடலின் குதிரை லாயத்தில் படுக்கை போட்ட முதல்நாள் அவர் தகப்பனாரைக் கேட்ட கேள்வி, தபால்காரருக்கு இந்த இடம் தெரியுமா என்பது. ஆர்க்கன்சா முகாமுக்குப் போகும் ரயிலில் கேட்பதை விட்டுவிட்டார். இவற்றையெல்லாம் அவர் துணியின் விலை சொல்லும் குரலில் சொன்னார்.

"ஜப்பான் பேரைப் பார்த்திருப்பாங்க, வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சேன்," என்றார். "இத்தன வருஷமும் அதான் நெனப்பு. இப்பவும் தெரியலையே. காசத் திருப்பி அனுப்பின உறையாக்கூட இருக்கலாம்."

ஆர்வின் ஒரு கையுறையைக் கழற்றினார். உறையின்மேல் வெறும் விரலை வைத்தார். "காசு இல்லீங்க. முதுகில ஊசி இருக்கு. கடைசியா வார்த்த பித்தளை."

ஃபுமியும் தம் விரலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். பின்பு, உள்ளே ஏடு ஒன்று இருக்குமாமே, ஆளைக் குறித்துவைக்க, என்று கேட்டார். ஆர்வின் அதில் எழுதியதுண்டா என்றும் கேட்டார்.

"எழுதினேன்." ஆர்வினின் கழுத்துச் சிவந்தது. "காய்கறி கொண்டுவர்ற ஜப்பான்காரரோட பச்சை லாரி நம்பர். அதுதான் முதல் வரி."

"நானும் எழுதத்தான் காத்துக்கிட்டிருந்தேன். ரயிலடிப் பக்கம் ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஜெர்மன் பேசின வீடுங்க எத்தன."

"அதுல மூணாவது எங்க வீடு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபின், ஆர்வின் தாம் சொல்லாமல் விட்டதையும் சொன்னார்: இது வந்து இரண்டு வாரமாயிற்று, இந்த ஊரிலேயே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஃபுமி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார்.

"பிரிச்சா இது அறுபத்துநாலாவது வில்லை," என்றார் ஆர்வின். "பிரிக்காம இருந்தா இதுபோல வேற இல்ல. உங்க பொருள். தெரிஞ்சுக்கிட்டுச் செய்யணும்னு சொல்றேன்."

"உங்களுக்கு எது வேணும், மிஸ்டர் கே?"

"பிரிக்காம இருக்கணும்."

"எனக்கு உள்ள என் பேர் இருக்கான்னு பார்க்கணும்."

ஃபுமி பெரிய வெட்டுக் கத்தரியை எடுத்தார். தினமும் நூறு கெஜம் வெட்டும் கை. ஆயினும் முனை உறையின் ஓரத்தைத் தொட்டதும் நின்றுவிட்டது. ஆர்வின் மேசையின் மறுபக்கம் குனிந்து, எவரும் சொல்லாமலே, உறையின் கீழ் இரு கைகளையும் குவித்து ஏந்தினார். ஒரு கை வெள்ளைக் கையுறையோடும் ஒரு கை வெறுமையாகவும் இருந்தன. கத்தரி ஓடிற்று. ஒட்டு மெல்லக் கிழிந்தது; பழைய பசையின் தூள் துணியில் உதிர்ந்தது.

முதலில் வந்தது அட்டை. ஃபுமி அதை அந்தரத்திலேயே பற்றி வெளிச்சத்தில் பிடித்தார். தம் முழுப்பெயரை, வேறெவரையோ வகுப்பில் பெயர்சொல்லி அழைப்பதுபோல், உரக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். ஏடு சரிந்து துணிமேல் விழுந்தது. கடைசியாக வில்லை தன் கனத்தால் நழுவி ஆர்வினின் வெறுங்கையில் விழுந்தது. தங்கம்போல், நேற்று வார்த்ததுபோல், ஒரு கறையுமின்றி, பத்து வயதுக்குப் பின் அவர் கண்டிராத நிறத்தில் இருந்தது.

அவர் விரல்கள் மூடிக்கொள்ளவில்லை. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, மேசையின் குறுக்கே ஃபுமியின் பக்கம் நீட்டினார்.